முதல் வேட்டியை அப்பா இருக்கும்போதே வாங்கிடுங்க

1/ அரசு மருத்துவமனை பிணவறை வாசல்ல அடிக்கடி பார்க்கிற காட்சி இது. இருபத்திரண்டு, இருபத்தஞ்சு வயசுப் பையன். ராத்திரி போட்டிருந்த டிராக் பேன்ட்டோடயே வந்திருப்பான். உள்ளே அவன் அப்பா. மாமாவோ பெரியப்பாவோ ஓடிப்போய், எங்கேயோ ஒரு கடையைத் திறக்கச் சொல்லி, பிளாஸ்டிக் கவர்ல ஒரு புது வேட்டி வாங்கிட்டு வருவார். ஆம்புலன்ஸ் மறைவுல நிறுத்திக் கட்டி விடுவார். பையன் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிப்பான்.

2/ நானும் அப்படி நின்னவன்தான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப அப்பா போனார். "காலை அகட்டி நில்லு மாப்ளை"ன்னு சொல்லி மாமாதான் கட்டி விட்டார். குடத்தைத் தூக்கிக்கிட்டு சுத்தி வரும்போது, ரெண்டாவது சுத்துல இடுப்பு நெகிழ ஆரம்பிச்சது. ஒரு கை குடத்துல, ஒரு கை வேட்டியில. அப்பாவோட கடைசியா இருந்த அந்தப் பத்து நிமிஷத்துல எனக்கு இன்னைக்கு ஞாபகம் இருக்கிறது, வேட்டி அவிழ்ந்திடக் கூடாதேங்கிற பயம் மட்டும்தான்.

3/ எங்க அப்பா தினமும் வேட்டி கட்டினவர். ஒரே வீட்டுல இருபது வருஷத்துக்கு மேல இருந்தும் நான் ஒரு நாள்கூட கத்துக்கலை. தேவைப்பட்டப்போ சொல்லிக் கொடுக்க அவர் இல்லை. அதனால இந்த இழை, முதல் வேட்டி வாங்கப் போறவங்களுக்கு. என் கருத்து சின்னதுதான்: கல்யாணத்துக்கோ சாவுக்கோ உங்க முதல் வேட்டி வரக் கூடாது. சும்மா இருக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை, அப்பாவைக் கூட்டிட்டுப் போய் வாங்குங்க.

4/ "வேட்டி வாங்கறதுல என்னங்க இருக்கு, வெள்ளைத் துணிதானே?" அப்படித்தான் நானும் நினைச்சேன். நீளம், அகலம், நூல், கரை, தறி, கஞ்சின்னு ஒவ்வொண்ணுலயும் ஏமாற வழி இருக்கு. நம்ம ஊரோ வேட்டி நெய்யற ஊர். ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம்னு சுத்தி எங்கே போனாலும் தறிச் சத்தம் கேட்கும். இங்கே பிறந்துட்டு வேட்டி பார்த்து வாங்கத் தெரியலைன்னா கொஞ்சம் வெட்கம்தான்.

5/ முதல்ல நீளம். கடையில "நாலு முழமா, எட்டு முழமா?"ன்னு கேட்பாங்க. நாலு முழம்னா ஒற்றை வேட்டி, கிட்டத்தட்ட 2 மீட்டர். எட்டு முழம்னா கிட்டத்தட்ட 4 மீட்டர். அதைப் பாதியா மடிச்சு ரெண்டு அடுக்கா கட்டுவோம், அதனாலதான் டபுள் வேட்டி. பத்து முழம் பஞ்சகச்சத்துக்கு. முதல் வேட்டி நாலு முழமாவே இருக்கட்டும். லேசா இருக்கும், சீக்கிரம் காயும், கட்டிப் பழக சுலபம். எட்டு முழம் அப்புறம் விசேஷத்துக்கு வாங்கிக்கலாம்.

6/ அகலத்தை யாரும் கேட்கறதில்லை. ஆனா இடுப்புல இருந்து கணுக்கால் வரை வர்ற உயரம் அதுதான். கவர் மேல பெரும்பாலும் 1.27 மீட்டர்னு போட்டிருக்கும். சராசரி உயரத்துக்கு அது போதும். ஆறடிக்கு மேல இருக்கிறவங்க கடையிலேயே பிரிச்சு இடுப்புல வெச்சுப் பார்க்கணும். குட்டையா இருக்கிறவங்க கவலைப்பட வேண்டாம். மேல நாலு சுருட்டு அதிகமா சுருட்டினா சரியாயிடும். அந்தத் தடிச்ச சுருட்டு வேட்டியை இன்னும் நல்லா பிடிச்சுக்கும்.

7/ அடுத்து துணி. பளபளன்னு, கசங்காம, பட்டு மாதிரி தெரியுதேன்னு எடுத்துடாதீங்க. அதுல பாதி பாலியஸ்டரா இருக்கலாம். கடைக்காரர்கிட்ட கேட்டு, ஓரத்துல தொங்கற நூல் ரெண்டை எடுத்து வெளியே வந்து கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசம் வரும், சாம்பல் விரல்ல உதிரும். பாலியஸ்டர்னா சுருங்கி உருகி, கடைசியில கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும்.

8/ இந்தச் சோதனை வெறும் சிக்கனத்துக்காக இல்லை. தீக்காய வார்டுல வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். பருத்தியும் தீப்பிடிக்கும், சந்தேகமே இல்லை. ஆனா பாலியஸ்டர் உருகித் தோல்ல ஒட்டிக்கும். காயம் ஆழமாகும், துணியைப் பிரிச்செடுக்கறதே ஒரு வேதனை. தீபாவளிக்கு வெடி வைக்கறப்ப, கோயில்ல தீபம் பக்கத்துல நிக்கறப்ப, சமையல் பந்தியில வேலை பார்க்கறப்ப நீங்க கட்டப் போற துணி இது. பருத்தியா வாங்குங்க. கட்டினாலும் தீ பக்கத்துல கவனமா இருங்க.

9/ வேட்டியில 40, 60, 80, 100னு ஒரு நம்பர் சொல்வாங்க. அது நூலோட கவுண்ட். ஒரு பவுண்டு எடை நூல்ல 840 கெஜ நீளச் சிட்டம் எத்தனை வருதுங்கிற கணக்கு. நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். 100ன்னா உசத்தின்னு மட்டும் நினைச்சுக்காதீங்க. மெலிசா இருக்கும், இடுப்புலயும் வழுக்கும். பழகறவங்களுக்கு 40, 60 போதும். கொஞ்சம் முரட்டுத் துணிதான் இடுப்புல நிக்கும். உள்ளே எங்க அப்பாரு காலத்துப் பட்டாபட்டி டிரவுசர் போட்டுக்கிட்டா வெளிச்சத்துல நிக்கவும் பயம் இல்லை.

10/ கைத்தறியா, விசைத்தறியா? இதுல நிறைய பேர் உபதேசம் பண்ணுவாங்க. நான் ரெண்டு பக்கத்தையும் ஓபியில பார்க்கிறேன். கைத்தறி நெசவாளிக்கு முழங்காலும் முதுகும் போயிருக்கும். விசைத்தறித் தொழிலாளிக்குக் காது மந்தமாகியிருக்கும். ரெண்டும் உழைப்புதான். நீங்க எதை வேணும்னாலும் வாங்குங்க. ஆனா கைத்தறி விலை கொடுத்து விசைத்தறியை வாங்கிட்டு வராதீங்க.

11/ மத்திய அரசோட 1985 கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டத்துல கைத்தறிக்குன்னு ஒதுக்கின 11 ரகங்கள்ல வேட்டியும் உண்டு. அப்படி ஒதுக்கியும் போலி வரத்தான் செய்யுது. அதனால கைத்தறி வேணும்னா 2006ல வந்த கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா 1935ல இருந்து நடக்கிற கோ-ஆப்டெக்ஸ், இல்லை சர்வோதய சங்கத்தோட கதர்க் கடைக்குப் போங்க. கதர் முதல் ரெண்டு மாசம் சாக்கு மாதிரி உறுத்தும். துவைக்கத் துவைக்க வெண்ணெய் மாதிரி ஆயிடும்.

12/ விசைத்தறி போதும்னா ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க. திங்கக்கிழமை ராத்திரி தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கும். கோயமுத்தூர்லயே முடிக்கணும்னா டவுன்ஹால், ஒப்பணக்கார வீதி பக்கம் போங்க. நாலு முழப் பருத்தி வேட்டி சில நூறு ரூபாயில முடிஞ்சிடும். நம்மகிட்ட வர்ற நிறைய நோயாளிகளுக்கு, 1983ல எம்ஜிஆர் ஆரம்பிச்ச இலவச வேட்டி சேலைத் திட்டத்துல பொங்கலுக்கு ரேஷன் கடையில கிடைக்கிறதுதான் அந்த வருஷத்து புது வேட்டி. அதைத் துவைச்சுக் கட்டிப் பழகினாலும் போதும், புதுசு வாங்கியே ஆகணும்னு இல்லை.

13/ கரை. மெலிசான பச்சை, மெரூன், நீலம்னு ஒண்ணு எடுத்துக்குங்க. கறுப்பு சிவப்பு, கறுப்பு வெள்ளை சிவப்பு மட்டும் தெரியாம எடுத்துட்டுப் போய் பொண்ணு பார்க்கிற வீட்டுல உக்காந்துடாதீங்க, முதல் கேள்வியே "தம்பி எந்தக் கட்சிங்க?"ன்னு வரும். ஈரக் கைக்குட்டையைக் கரை மேல தேய்ச்சுப் பாருங்க. கைக்குட்டையில சாயம் இறங்கினா வெச்சுட்டு வந்துடுங்க. முதல் துவையல்லயே வெள்ளை எல்லாம் ரோஸ் ஆயிடும்.

14/ இப்ப கடையில "ஒட்டிக்கோ கட்டிக்கோ"ன்னு ஒண்ணை நீட்டுவாங்க. பெல்ட் மாதிரி ஒட்டிக்கிற வேட்டி. இதைக் கேலி பண்ண மாட்டேன். பக்கவாதத்துல ஒரு கை வராதவங்களுக்கு, கை நடுங்கறவங்களுக்கு, ஒரு கையில பிளாஸ்டர் போட்டவங்களுக்கு நானே சொல்றேன், இதை வாங்குங்கன்னு. அடுத்தவங்க உதவி இல்லாம பாத்ரூம் போய்ட்டு வர்றது எவ்வளவு பெரிய மரியாதைன்னு அவங்களைக் கேட்டாத் தெரியும். ஆனா ரெண்டு கையும் நல்லா இருக்கிற உங்களுக்கு முதல் வேட்டியா அது வேண்டாம். பழகறதுக்கு வழியே இல்லாம போயிடும்.

15/ வாங்கி வந்ததும் கட்டாதீங்க. ரெண்டு தடவை தண்ணியில அலசிக் காயப் போடுங்க. புது வேட்டியில கஞ்சி அப்பியிருக்கும், அட்டை மாதிரி விறைப்பா, வழுவழுன்னு இருக்கும். சுருட்டினாலும் நிக்காது. கல்யாண மேடையிலயும் மயானத்துலயும் வேட்டி நழுவறதுக்குக் காரணம் நம்ம இடுப்பு இல்லைங்க. கவரைப் பிரிச்ச கையோட கட்டறதுதான். அன்னைக்கு எனக்கு இது தெரிஞ்சிருக்கலாம். அலசினா பருத்தி கொஞ்சம் சுருங்கும், அதுக்கப்புறம்தான் சரியான அளவும் தெரியும்.

16/ கட்டற முறை. காலை அகட்டி நில்லுங்க; சேர்த்து வெச்சுக் கட்டினா நடக்க முடியாது. வேட்டியை முதுகுப் பக்கமா கொண்டு போய் ரெண்டு நுனியையும் முன்னாடி பிடிங்க. கீழ்க்கரை கணுக்காலைத் தொடுதான்னு பாருங்க. ஒரு நுனியை எதிர் இடுப்புக்கு இழுத்து இறுக்குங்க. அடுத்த நுனியை அதுக்கு மேல கொண்டு வந்து இந்தப் பக்க இடுப்புல செருகுங்க. மேல் விளிம்பை ரெண்டு மூணு சுருட்டு வெளிப்பக்கமா சுருட்டி விடுங்க. ரெண்டு தடவை உட்கார்ந்து எந்திரிங்க. நின்னா நின்னதுதான்.

17/ எந்த நுனி மேல வரணும், இடதா வலதா? ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். இதை என்கிட்ட கேட்காதீங்க, அப்பாகிட்ட கேளுங்க. ஒரு கையால மடிச்சுக் கட்டறது எப்படி, பெரியவங்களைப் பார்த்தா மடிப்பை இறக்கி விடறது எப்போ, பஸ்ல ஏறும்போது எங்கே பிடிக்கணும்... இதெல்லாம் யூடியூப்ல அரைகுறையாத்தான் வரும். பக்கத்துல நின்னு பார்த்தாத்தான் கைக்கு வரும்.

18/ இப்ப டாக்டரா நாலு வார்த்தை. தொடை இடுக்குல படர்தாமரையோட வர்ற பசங்க இன்னைக்கு ரொம்ப அதிகம். இறுக்கமான ஜீன்ஸ், காயாத ஜட்டி, வியர்வை, அது மேல மெடிக்கல்ல கேட்டு வாங்கின ஸ்டீராய்டு கலந்த கிரீம். வீட்டுல இருக்கிற நேரம் காத்தோட்டமான பருத்தி வேட்டியோ லுங்கியோ கட்டினா ஈரம் குறையும், அரிப்புக்கு இதமா இருக்கும். ஆனா வேட்டி மருந்தில்லை. தோல் டாக்டரைப் பாருங்க, சொன்ன நாள் வரைக்கும் மருந்தை நிறுத்தாதீங்க, துணியை வெயில்ல காயப் போடுங்க.

19/ வேட்டியிலயும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1945ல பம்பாயில டாக்டர் கானோல்கரும் டாக்டர் சூரியாபாயும், வருஷக்கணக்கா இடுப்புல ஒரே இடத்துல வேட்டியை இறுக்கிக் கட்டினவங்களுக்கு அந்த இடத்துல தோல் புற்றுநோய் வந்ததைப் பதிவு பண்ணினாங்க. வேட்டி புற்றுநோய்னே அதுக்குப் பேர். புடவைக்கும் இதே மாதிரி உண்டு. ரொம்ப அரிது, பயப்பட வேண்டாம். ஆனா அருணாக்கயிறு மேல வேட்டியை இறுக்கிச் செருகறவங்க இடத்தைக் கொஞ்சம் மாத்தி மாத்திக் கட்டுங்க. அந்த வரியில தோல் கறுத்து, தடிச்சு, ஆறாத புண் இருந்தா காட்டிடுங்க.

20/ வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்தும்: "வேட்டி கட்டினால் குழந்தையின்மை வராது." 2013ல ஸ்காட்லாந்து மருத்துவ இதழ்ல, அவங்க ஊர் வேட்டியான கில்ட் விந்தணுவுக்கு நல்லதா இருக்கலாம்னு ஒரு கட்டுரை வந்தது, அது ஒரு யூகம்தான். 2018ல அமெரிக்காவுல 656 ஆண்களைப் பார்த்ததுல, தளர்வான உள்ளாடை போட்டவங்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகமா இருந்தது. காத்தோட்டம் நல்லதுதான். ஆனா குழந்தை தள்ளிப் போகுதுன்னா கணவன் மனைவி ரெண்டு பேரும் டாக்டரைப் பாருங்க. ஜவுளிக்கடைக்குப் போய்ப் பலனில்லை.

21/ பைக்ல போறப்ப வேட்டியைத் தொங்க விடாதீங்க, மடிச்சு உட்காருங்க. மோட்டார் பெல்ட், கதிரடிக்கிற மெஷின், தறி, கிரைண்டர் பக்கத்துல வேட்டியும் வேண்டாம், துண்டும் வேண்டாம். இதுல கௌரவம் பார்க்காதீங்க. அந்த மாதிரி இடத்துக்கு டிரவுசர்தான் சரி.

22/ "வேட்டி கட்டினாத்தான் தமிழன்"னு சொல்றவங்களோட நான் இல்லை. கால் வரைக்கும் இறக்கி விட்ட வேட்டியும் தோள்ல துண்டும் நம்ம பக்கம் எல்லாருக்கும் கிடைச்ச உரிமை இல்லை. பண்ணையத்துக்காரரைப் பார்த்தா துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சுக்கணும்னு இருந்த காலத்தை நினைவு வெச்சிருக்கிற தாத்தாக்கள் இன்னும் இருக்காங்க. அவங்க பேரன் பேன்ட்டை இன் பண்ணி நிமிர்ந்து நடந்தா அதுல ஒரு நியாயம் இருக்கு. அம்பேத்கர் கோட் சூட்டை விடாம போட்டது சும்மா இல்லை.

23/ அதே நேரம் இன்னொரு பக்கமும் நடந்தது. 2014 ஜூலையில சென்னையில தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தோட கிளப்புக்கு, நூல் வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடலை. அடுத்த மாசமே சட்டமன்றத்துல சட்டம் வந்தது: வேட்டி கட்டி வந்தவரைத் தடுத்தா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். கட்டச் சொல்லி மிரட்டறதும் தப்பு, கட்டினவனை வெளியே நிறுத்தறதும் தப்பு. கட்டத் தெரிஞ்சிருந்தாத்தான் கட்டறதா வேண்டாமான்னு நாமளே முடிவு பண்ண முடியும். தெரியலைன்னா தேர்வே கிடையாது, என்னை மாதிரி கையைத் தூக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

24/ அப்பா இல்லாதவங்க, அப்பாவோட பேச்சுவார்த்தை இல்லாதவங்க இதைப் படிக்கலாம். மாமாவைக் கேளுங்க, பக்கத்து வீட்டு அண்ணனைக் கேளுங்க, யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. பெண் பிள்ளைகளும் கத்துக்குங்க. வார்டுல பார்க்கிறேன், பக்கவாதம் வந்து படுத்த அப்பாவுக்கு வேட்டி மாத்தறது பெரும்பாலும் மகள்தான். தெரிஞ்ச கைன்னா அவருக்குக் கூச்சம் கொஞ்சம் குறையும்.

25/ ஆக, வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க. நாலு முழம், பருத்தி, 40 இல்லை 60 கவுண்ட், சாயம் போகாத சின்னக் கரை. கடையில அவர் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சுத் தேய்ச்சுப் பார்ப்பார், விலை பேசுவார், "இது ஆகாது, அதை எடுங்க"ம்பார். அவசரப்படுத்தாதீங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு தடவை அலசி, மூணாம் நாள் அவர் முன்னாடி காலை அகட்டி நில்லுங்க. தப்பாக் கட்டினா சிரிப்பார். சிரிக்கட்டும்.

கட்டத் தெரிஞ்சவங்க, உங்க வீட்டு முறை என்னன்னு கீழே எழுதுங்க. கட்டத் தெரியாத பசங்க இருக்கிற வீட்டுக்கு இதைப் பகிருங்க.